ஆறு வீட்டுப் படம்

விஸ்வலிங்கத்தார் அரசாங்கக் கந்தோரில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்துத் தலைமைக் கிராணியாக ஓய்வு பெற்றவர். பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் அவர் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் குடையை எந்த மூலையில் சாத்துவது என்பதற்குக்கூட ஒரு முறை உண்டு. அவர் ஒட்டிய கடித உறையில் கோந்து வெளியே பிதுங்கி நின்றதை யாரும் கண்டதில்லை. பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அவர் பெயரைச் சொன்னால் கதவு திறக்கும். அந்தப் பெயருக்கு ஒரு கீறல் விழாமல் காப்பதுதான் இனித் தம் வேலை என்று அவர் எண்ணியிருந்தார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம், பள்ளிக்கூட விடுமுறை தொடங்குகிற வாரத்தில், மகன் பரமநாதன் வந்து முன்னால் நின்றான். அவன் பூகோளம் படிப்பிக்கிற வாத்தியார். பழைய மோட்டார்க் கார் ஒன்று வைத்திருந்தான்.

"ஐயா, நானும் அருந்ததியும் காரில சிங்கப்பூர் வரைக்கும் போயிட்டு வரலாமெண்டு இருக்கிறம். வழியில உள்ள ஊர், ஆறு, பாலம் எல்லாத்தையும் படம் பிடிச்சால் பிள்ளையளுக்குப் படிப்பிக்க உதவும்."

"படம் ஆர் பிடிக்கிறது?"

பரமநாதன் தலையைச் சொறிந்தான். அவன் எடுத்த படங்களில் மனிதருக்குத் தலை இருப்பது அபூர்வம். மருமகள் அருந்ததிக்குத்தான் கை நடுங்காது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த அவளுடைய தகப்பனிடம் ஒரு கேமரா இருந்தது. படம் எடுப்பது, கழுவுவது இரண்டையும் அவளுக்குப் பழக்கிவிட்டிருந்தார்.

விஸ்வலிங்கத்தாரின் மனைவி யோகலட்சுமி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "அவன் கார் ஓட்டட்டும், அவள் படம் எடுக்கட்டும். மாறிச் செய்தால்தான் பயப்பிட வேணும்."

விஸ்வலிங்கத்தார் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு தாளை நீட்டினார். அதில் தைப்பிங் தொடங்கிச் சிங்கப்பூர் வரை பதினொரு வீடுகளின் விலாசம் வரிசையாக எழுதியிருந்தது.

"தங்குறது இந்த வீடுகளில மட்டும். வாடி வீடு, ஹோட்டல் ஒண்டும் வேண்டாம். இவையள் எல்லாம் என்ர பேருக்காகக் கதவு திறக்கிற ஆக்கள். விளங்குதோ?"

"ஓம் மாமா," என்றாள் அருந்ததி. மறுநாள் காலையில் கார் பெரிப் படகில் ஏறிக் கடலைக் கடந்தது.

பத்து நாள் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பதினோராம் நாள் கோலாலம்பூரிலிருந்து பழைய நண்பர் ஒருவரின் தபாலட்டை வந்தது. சுகம் விசாரித்த பிறகு கடைசி வரியில் எழுதியிருந்தார்: "உங்கள் மருமகள் வீடு வீடாகக் குமர்ப்பிள்ளைகளைப் படம் எடுக்கிறா என்று இங்கே ஒரே பேச்சு."

விஸ்வலிங்கத்தார் அந்த வரியை நாலு தரம் வாசித்தார். ஆறும் பாலமும் எடுக்கப் போனவள் குமர்ப்பிள்ளைகளை ஏன் எடுக்கிறாள்? அவர் அறிந்த குடும்பங்கள் பெண்ணைப் படம் பிடிக்கும் கடைக்கு அனுப்புவதில்லை. கடைக்காரன் முகத்தைத் திருப்புகிறேன் என்று நாடியைத் தொடுவான். பிறகு ஒரு பிரதியைத் தன் கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டி வைப்பான். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான். அவருடைய ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்கு அப்படி நடந்து, பேசின கலியாணம் நின்றுபோயிருந்தது.

அடுத்த நாள் பார்சல் வந்தது. உள்ளே ஐந்து படச்சுருள்கள், சிவப்புக் காகிதம் சுற்றி, ஒட்டுத்தாள் போட்டு மூடியிருந்தன. மகனின் கடிதமும் இருந்தது. "கோலாலம்பூர் வரைக்குமான படங்கள் இவை. வெயிலில் கெட்டுப்போகாமல் முன்னதாக அனுப்புகிறோம். அலுமாரியில் வைத்துவிடுங்கள். கடைக்குக் கொடுக்க வேண்டாம், அருந்ததி வந்து தானே கழுவுவாள்."

கடைக்குக் கொடுக்க வேண்டாமாம். பிறர் கண்ணில் படக்கூடாத எதுவோ அதற்குள் இருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்? தம் பெயரைச் சொல்லிக் கதவு திறந்த வீடுகளில் தம் மருமகள் என்ன செய்தாள் என்று தெரியாமல் அதைத் தம் அலுமாரியில் வைப்பதா? யோகலட்சுமி கோயிலுக்குப் போயிருந்தாள். விஸ்வலிங்கத்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காகிதக் கத்தியால் முதல் சுருளின் ஒட்டுத்தாளைக் கிழியாமல் எடுத்தார். ஜன்னலோரம் நின்று சுருளை முழம் முழமாக விரித்தார்.

படம் ஒன்றும் இல்லை. பால் ஆடை நிறத்தில் மங்கலான நாடா, அவ்வளவுதான். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அப்போதும் இல்லை. மற்ற நாலையும் விரித்தார். அவற்றிலும் ஒரு முகமோ ஒரு மரமோ கிடையாது.

அவருக்கு மனம் இளகிற்று. பாவம், பிள்ளைக்குப் படம் விழவில்லை. வீண் செலவானாலும் மானம் தப்பியது. ஐந்தையும் பழையபடி இறுக்கமாகச் சுற்றி, தம் கோந்துக் குப்பியைத் திறந்து, ஒட்டுத்தாள்களை அதே கோட்டில் ஒட்டி அலுமாரியில் வைத்தார். அன்று மத்தியானம் சோறு நன்றாக இறங்கிற்று.

இரண்டு பேரும் மூன்றாவது வாரக் கடைசியில் திரும்பி வந்தார்கள். வெயிலில் கறுத்திருந்தார்கள், உற்சாகம் மட்டும் குறையவில்லை. அருந்ததி மறுநாள் காலையிலேயே குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, உள்ளே போய்த் தாழிட்டாள். மத்தியானம் வெளியே வந்தவள் கையில் ஐந்து நாடாக்கள் தொங்கின. ஐந்தும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தன. அவர்கள் கையோடு கொண்டுவந்த மற்ற மூன்று சுருள்களில் மலாக்காவும் சிங்கப்பூரும் தெளிவாக விழுந்திருந்தன.

"கேமராவில ஓட்டையோ?" என்றான் பரமநாதன்.

"ஓட்டையெண்டால் மற்ற மூண்டும் எப்பிடி?" அவள் ஐந்தையும் மேசையில் போட்டாள். "ஆறு பிள்ளையள். ஆறு வீட்டில சொல்லிப்போட்டு வந்தனான்."

அப்போதுதான் விஸ்வலிங்கத்தாருக்கு முழுக் கதையும் தெரியவந்தது. தைப்பிங்கில் முதல் வீட்டுப் பெண்மணி அருந்ததியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம். மகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்கிறார்கள். கடைக்கு அனுப்ப மனமில்லை. "நீங்கள் விஸ்வலிங்கத்தாற்ற மருமகள். நீங்களே எடுத்து, நீங்களே கழுவித் தந்தால் வேற ஆம்பிளையின்ர கண் படாது." ரயில்வேக் குடும்பங்கள்தானே, செய்தி தண்டவாளம் வழியாக முன்னால் ஓடிவிட்டது. தைப்பிங்கில் இரண்டு, ஈப்போவில் ஒன்று, தஞ்சோங் மாலிமில் ஒன்று, கோலாலம்பூரில் இரண்டு என்று ஆறு வீட்டுப் பெண்கள் பட்டுச் சேலை கட்டி அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

படம் எப்படிக் கறுத்தது என்று விஸ்வலிங்கத்தாருக்கு இன்னும் தெரியாது. ஆனாலும் அலுமாரிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் மூவரும் மார்க்கெட் வீதிக்குப் போனார்கள். அருந்ததி படம் கழுவுகிற மருந்து வாங்கும் படக்கடை ஷேக் அலாவுதீனுடையது. விஸ்வலிங்கத்தார் உள்ளே போகாமல் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்கு முதுகு காட்டி நின்றார். பேச்சு நன்றாகவே கேட்டது.

"கேமரா தங்கம் மாதிரி இருக்கு லா," என்றார் அலாவுதீன். "உங்க கையிலயும் குத்தமில்ல தங்கச்சி. கழுவறதுக்கு முந்தி எவனோ இத வெளிச்சத்துல விரிச்சுப் பாத்திருக்கான். வெளிச்சம் பட்டா அவ்வளவுதான், உள்ள இருந்த படம் போச்சு."

"தபால் கந்தோரில திறந்திருப்பாங்களோ?" என்று கேட்டான் பரமநாதன்.

"அவன் திறந்தா கிழிச்சுல்ல போடுவான்! இந்த ஒட்டுத்தாளப் பாருங்க. மேல கோந்து வச்சு, கோடு பிசகாம ஒட்டியிருக்கு. கம்பெனிக்காரனே இவ்வளவு அழகா ஒட்ட மாட்டான் லா."

பிறகு அருந்ததியின் குரல் கேட்டது. "அந்தத் தாளை இஞ்ச தாருங்கோ அண்ணே. நான்தான் சரியாய்ச் சுத்தாமல் விட்டிருப்பன். என்ர பிழைதான்."

விஸ்வலிங்கத்தார் குடையை இறுகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் வாயைத் திறக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் யார் முன்னாலும் 'நான் பிழை விட்டேன்' என்று சொல்லிப் பழகாத நாக்கு அது.

அருந்ததி ஆறு வீட்டுக்கும் கடிதம் எழுதினாள். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, மறுபடி வந்து எடுத்துத் தருவதாகச் சொன்னாள். முதல் பதில் தைப்பிங்கில் முதல் வீட்டுக்காரரான முத்துக்குமாருவிடமிருந்து விஸ்வலிங்கத்தார் பெயருக்கே வந்தது.

"அண்ணை அவர்களுக்கு. பொங்கல் முடிந்ததும் புறப்படும் கப்பலுக்குப் படம் போக வேண்டும். ஆனால் சம்பந்தத்துக்கு என்று எடுத்த முதற்படம் கறுத்துப்போனது நல்ல சகுனம் இல்லை என்று வீட்டில் பெண்கள் அழுகிறார்கள். பிள்ளையின் சாதகத்தில் ஏதோ குறை என்று ஒரு பேச்சு. மருமகளின் கைராசி என்று இன்னொரு பேச்சு. கலியாணமாகி மூன்று வருஷமாய்ப் பிள்ளையும் இல்லைத்தானே என்கிறார்கள். அந்தக் கையால் மறுபடி எடுக்க விருப்பமில்லை. மன்னிக்க வேண்டும்."

வாசித்து முடித்தபோது அவருக்குக் காது சுட்டது. தம் வீட்டு விளக்கை ஊரார் வாயால் ஊதுகிறார்கள். முகமறியாத ஒரு பெண்ணின் சாதகத்தை வேறு பழிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் அவருடைய காகிதக் கத்தி.

எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார். 'தற்செயலாக' என்று ஒரு வார்த்தை வந்தது, அடித்தார். 'அறியாமையால்' என்று எழுதி அதையும் அடித்தார். மூன்றாவது தாளைக் கசக்கியபோது ஒன்று புரிந்தது. எப்படி எழுதினாலும், மருமகளைக் காப்பாற்றக் கிழவர் கதை கட்டுகிறார் என்றே சொல்லுவார்கள். நேரில் போய் முகத்தைக் காட்டிச் சொன்னால்தான் நம்புவார்கள்.

எழுந்து கூடத்துக்குப் போனார். மற்ற மூவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சுருளைப் பிரிச்சது நான்."

பரமநாதனின் கோப்பை சாய்ந்தது. "ஐயா!"

"அஞ்சையும் பிரிச்சனான். என்ன படம் எண்டு பாக்கத்தான். ஒண்டும் தெரியேல்லை, திரும்ப ஒட்டி வைச்சன்."

"அதுதானே," என்றாள் யோகலட்சுமி. "வீட்டில மூடியிருக்கிற சட்டி ஒண்டையும் விடாத மனுசன், பார்சலை விடுவாரோ?"

விஸ்வலிங்கத்தார் மருமகளைப் பார்த்தார். அவள் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"உனக்குத் தெரியுமோ பிள்ளை?"

"மாமா ஒட்டுற கடிதமெல்லாம் நான்தானே தபாலில போடுறனான்," என்றாள் அவள், கோப்பையைப் பார்த்தபடி.

"பிறகேன் உன்ர தலையில போட்டனி?"

"கடைக்காரருக்கு முன்னால வேற என்னத்தைச் சொல்லுறது, மாமா? நீங்கள் வாசலில நிண்டனியள்."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "பரமு, பள்ளிக்கூடம் திறக்க எத்தினை நாள் இருக்கு?"

"ஒம்பது நாள்."

"காரில ஒரு ஆளுக்கு இடம் இருக்குமோ?"

மறுநாள் காலை கோட்டும் தலைப்பாகையுமாகப் பின் ஆசனத்தில் ஏறி, மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கார் தூக்கிப்போட்ட இடமெல்லாம் தலைப்பாகை கூரையில் இடித்தது. முன்னால் இருந்த இருவரும் ஒரு பாலத்தைக் கண்டு நிறுத்துவதா வேண்டாமா என்று கண்ணால் பேசிக்கொண்டார்கள்.

"நிப்பாட்டு," என்றார் அவர். "அதுவும்தானே கறுத்துப்போச்சு. எடுக்கட்டும்."

தைப்பிங்கில் முத்துக்குமாருவின் ரயில்வே வீட்டுக்குப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அதுவும் நல்லதுதான் என்று நினைத்தார் விஸ்வலிங்கத்தார். கூடத்தில் உட்காரச் சொன்னார்கள், உட்காராமல் நின்றார்.

"தம்பி முத்துக்குமாரு, உம்மட மகளின்ர படத்தைக் கெடுத்தது நான். சகுனமும் இல்லை, சாதகமும் இல்லை. என்ர மருமகளின்ர கையில பிழையில்லை. மூடி வந்த சுருளை வெளிச்சத்தில விரிச்சது என்ர கை."

உள்ளறை வாசலில் நின்ற முத்துக்குமாருவின் மாமியார் பேசினாள். "மருமகளுக்காகச் சொல்லுறாரோ என்னவோ. கேமராவில தோஷம் இல்லையெண்டு எப்பிடி நம்புறது? முதல்ல இவரையே இருத்தி எடுக்கட்டும். கறுத்தால் இவரோட போகட்டும்."

"மாமி!" என்றார் முத்துக்குமாரு பதறி.

விஸ்வலிங்கத்தாரைக் கந்தோர்க் கூட்டப் படத்தில் தவிர வேறெங்கும் யாரும் எடுத்ததில்லை. படத்துக்காக உட்காருவது வேலையற்றவன் செயல் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். குடையை மகனிடம் நீட்டினார். முற்றத்தில் நாற்காலி போடச் சொல்லி, முதுகு அதில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாமா, கொஞ்சம் சிரியுங்கோ."

"எடு பிள்ளை."

"மூச்சையாவது விடுங்கோ."

வாசல் நிலைக்குப் பின்னால் நின்ற முத்துக்குமாருவின் மகள் களுக்கென்று சிரித்தாள். அருந்ததி படத்தை எடுத்து முடித்து, அவளைப் பட்டுச் சேலை கட்டி வரச் சொன்னாள். இம்முறை கிழவியும் தடுக்கவில்லை. பெண் அதே நாற்காலியில் உட்கார்ந்தபோதும் சிரிப்பு முற்றாக அடங்கியிருக்கவில்லை. அந்த வீட்டுக் குளியலறையையே இருட்டாக்கி அருந்ததி சுருளைக் கழுவினாள். இரண்டு மணிக்கு நாடாவைக் கொண்டுவந்து காட்டினாள். முதலில் வழியில் எடுத்த பாலம், பிறகு விஸ்வலிங்கத்தார், அடுத்தது பெண். இரண்டு பேரும் தெளிவாக விழுந்திருந்தார்கள். கிழவி நாடாவை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஒண்டுமில்லை," என்று உள்ளே போய்ச் சோறு போட்டாள்.

இந்தச் செய்தியும் தண்டவாளம் வழியாக முன்னால் ஓடியது. அடுத்த ஐந்து வீட்டிலும் அவர் வாய் திறந்து சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடிந்ததும், நாற்காலியைக் கொண்டுவந்து வெயிலில் போட்டார்கள்.

பொங்கலுக்கு முதல் நாள் பினாங்கில் யோகலட்சுமி படங்களைப் பாயில் பரப்பிப் பார்த்தாள். ஆறு பெண்கள் ஒரு பக்கம். ஆறு விஸ்வலிங்கத்தார் மறு பக்கம். அதே கோட்டு, அதே முழங்கால், அதே கண்.

"ஆறிலயும் ஒரே முகம்," என்றாள். "ஒரு வீட்டிலயாவது சிரிச்சிருக்கலாம்."

"நான் சிரிக்கப் போகேல்லை," என்றார் அவர். பெண்களின் முகங்களைப் பார்க்காமல், படத்தின் பின்னால் எழுதிய பெயரை மட்டும் பார்த்து ஒவ்வொன்றையும் தாளில் மடித்து, அந்தந்த வீட்டு விலாசம் எழுதிய உறைகளில் இட்டு, கோந்து தடவி மூடினார். கடைசி உறையை மட்டும் திருப்பி, கோந்து பிதுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஆறையும் அடுக்கி மருமகளிடம் நீட்டினார்.

"கப்பல் வெள்ளிக்கிழமை, பிள்ளை. இண்டைக்கே போட்டுவிடு."