பஜார் ரோட்டில் வழி தவறியவள்

மாடத்தி கொச்சி மட்டாஞ்சேரியில் முப்பத்தொரு வருடம் தெருக் கூட்டியவள். கார்ப்பரேஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. அவள் துடைப்பம் படாத சந்து அங்கே குறைவு. அப்படிப்பட்டவள் கர்க்கடக மாதத்து ஆடி மழை விட்டிருந்த ஒரு காலையில், பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஜார் ரோட்டு மிளகுக் கிடங்குகளுக்கு முன்னால் நின்றுவிட்டாள். வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. யாரிடமாவது கேட்கவும் வெட்கம்.

எதிரே தையல் கடை வைத்திருந்த ஷபானா பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரமாகியும் மாடத்தி நகரவில்லை என்றதும் கடையைப் போட்டது போட்டபடி விட்டு வந்தாள்.

"சேச்சி, நானும் அந்த வழிதான். வாங்க, பேசிக்கிட்டே போலாம்."

போகிற வழியில் மாடத்தி இரண்டு முறை தடுமாறினாள். ஷபானா கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் மகன் பினு விஷயத்தைக் கேட்டுப் பெரிதாகத் திடுக்கிடவில்லை. சில மாதங்களாகவே அம்மா குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போடுவாள். அடுப்பைப் பற்றவைக்க எதை முதலில் திருகுவது என்று திகைத்து நிற்பாள்.

"வயசாச்சில்லே இத்தா. இனி இப்படித்தான்" என்றான் ஷபானாவிடம்.

"அப்படி விட்டுடாதே பினு. எங்க உம்மாவையும் அப்படித்தான் விட்டோம். காலு மரத்துச்சு, நடந்தா தள்ளாடுச்சு. ரத்தத்துல வைட்டமின் கொறவுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள ரொம்ப வைகி, காலம் கடந்து போச்சு."

மாடத்தி மெல்ல வாய் திறந்தாள். "எனக்கும் காலு மரத்துதான் கெடக்கு. கிழவிக்கு உள்ளதுதானேன்னு சொல்லல."

மறுநாளே பினு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். பரிசோதனையில் வைட்டமின் பி-12 அடிமட்டத்தில் இருந்தது. மறதியில் கொஞ்சம் வயதால் வந்தது, அது போகாது. மீதியை ஊசியால் சரிசெய்யப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

தீபாவளிக்கு முன்பே மாடத்தி தனியாகக் கடைக்குப் போய்வர ஆரம்பித்தாள். பெயர்கள் மட்டும் இன்னும் நழுவின. முன்போல மழுப்பாமல், "பேரு வரல, சொல்லு" என்று கேட்டுவிடுவாள்.

ஒரு நாள் தையல் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"மோளே, உங்க உம்மா பேரு என்ன?"

"கதீசும்மா. எதுக்கு சேச்சி?"

மாடத்தி அந்தப் பெயரைத் தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"அவங்க பட்ட கஷ்டத்துலதானே நான் பிழைச்சேன். நான் கும்பிடும்போது அவங்க பேரையும் சேத்துச் சொல்லணும்."

ஷபானா மெஷினை நிறுத்தினாள். எழுந்து, இரண்டு சாயா வாங்கிவரப் போனாள்.