லென்ஸில் மூன்று புள்ளிகள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டோடு எழுந்த அக்கா ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள்: "அந்தக் கண்ணாடிக்காரர்கிட்ட நான் ஒரு நாள்கூட..."

மீதி குழாய்த் தண்ணீரின் சத்தத்தில் கரைந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் அவள் சொல்லவே இல்லை.

2

முதல் தொடக்கம்: 'அணுக்கருப் பிணைவு மனிதகுலத்தின் நெடுங்கால...' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாவது: 'மிளகளவு எரிபொருள் உருண்டையைப் பல லேசர்க் கற்றைகள் ஒரு நொடியில் நசுக்க...' (அக்காவின் திருத்தம்: "ஒரு நொடியா? அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு நாங்க காப்பி குடிக்கப் போயிருப்போம்டா.")

சரி, நேராகவே சொல்கிறேன். ஒளி பட்டதும் உருண்டையின் மேற்பரப்பு பிளாஸ்மாவாகப் பொங்கும். அதில் எழும் அலை ஒளியைச் சிதறடிக்கும். சிதறிய ஒளி அந்த அலையையே மேலும் வளர்க்கும். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளத் தள்ள வீச்சு கூடுகிறதே, அப்படி. உள்ளே போய் நசுக்க வேண்டிய ஒளி வந்த வழியே திரும்பி, தான் கடந்து வந்த லென்ஸையே பதம் பார்த்துவிடும். எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று அளப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் அக்காவின் வேலை.

3

பதினோரு வருடங்களுக்கு முன், அவளுக்கு அது தகுதிகாண் வருடம். ஒரு ஷாட்டில் (லேசரை ஒருமுறை சுடுவதற்கு அவர்கள் வைத்த பெயர்) திரும்பி வந்த ஒளி எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் என்று அவளுடைய கருவி காட்டியது. அலை அடங்கிவிட்டது! எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் லேசரின் ஆற்றலைக் கூட்டிச் சுடுவதென்று முடிவாயிற்று. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை கண்ணாடிக்காரர் கூப்பிட்டார். லென்ஸ்களைச் சோதிக்கிறவர். டார்ச்சை ஓரத்தில் சாய்த்துப் பிடித்துக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா. மூணு புள்ளி. முந்தாநாள் இல்ல."

"இருக்காது சார். திரும்பினது ரொம்பக் கம்மி. கணக்கு இருக்கு."

"கணக்கு உங்க கையில இருக்கு. புள்ளி கண்ணாடியில இருக்கே. இன்னிக்குச் சுட்டா இது வெடிச்சிடும்."

அக்கா ஓடினாள். அவளுடைய கருவிக்கு முன்னால் சாம்பல் நிற ஃபில்டர் ஒன்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பத்தில் ஒன்பது பங்கு ஒளியைத் தடுப்பது. கருவி எரிந்துவிடக் கூடாதென்று அவளே வைத்தது. வைத்ததை மறந்து, அளவைப் பத்தால் பெருக்காமல் விட்டிருந்தாள்.*

* இது என்னுடைய கற்பனையாக இருந்திருந்தால், இவ்வளவு சின்னத் தவற்றை வைத்திருக்க மாட்டேன்.

4

கூட்டத்தில் ஆய்வுக்கூட இயக்குநர் கேட்டார்: "யார் வெச்ச ஃபில்டர்?"

எந்தக் கருவியில் யார் எதை வைத்தார்கள் என்று எழுதும் பதிவேடு கண்ணாடிக்காரர் மடியில் இருந்தது. அதில் அக்காவின் கையெழுத்து.

அவர் பதிவேட்டை மூடினார். "இருந்துச்சு, எடுத்தாச்சு சார். ஷாட்டைத் தள்ளி வெச்சிடலாம். அடுத்தது, லென்ஸ் மாத்தற விஷயம்."

அவ்வளவுதான். அக்காவின் வேலை நிலைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். பார்த்தேயிராத அந்த மனிதர்மேல் எனக்கும் கொள்ளை நன்றி உண்டு. அக்காவோ, அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் முதலில் 'நான்தான் வைத்தேன்' என்று சொல்லியாக வேண்டுமே என்று பயந்து, அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை வெறும் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) விடைபெறும் விழாவில் அக்கா மேடையேறி... (பொய். அன்று அவள் கடைசி வரிசையில் இருந்தாள்.)

ஆ) அவர் கடிதம் எழுதுகிறார். (அவர் எதற்கு எழுத வேண்டும்?)

இ) அக்கா அவரிடம், "சார், ( )" என்கிறாள்.

அடைப்புக்குறிக்குள் என்ன போடுவதென்று தெரியாமல் அப்படியே அவளுக்கு அனுப்பிவைத்தேன்.

6

பிரதி திரும்பி வந்தது. பிளாஸ்மாவில் நான்கு திருத்தம். 'கொள்ளை நன்றி'க்குக் கீழே ஒரு கோடு. அடைப்புக்குறி காலியாகவே இருந்தது.

கோபமோ என்று போன் செய்தேன்.

"என்னக்கா, கடைசியை விட்டுட்ட?"

"அதை நீ எழுதாதடா. அவர் வீட்டு வாசல்ல நிக்கிறேன். மணி அடிச்சாச்சு."

தாழ்ப்பாள் விலகும் சத்தம். ஒரு முதிய குரல், "யாரு?" என்றது.

"நான்தான் சார். அந்த ஃபில்டரை..."

போனை வைத்துவிட்டாள். அடைப்புக்குறியை நான் தொடவில்லை.