கூரைமேல் ஏறிய சேவல்

மைக் அக்கா பேசினால் கல்லும் கரையும் என்பார்கள் அந்தத் திரைப்பட விழாக்காரர்கள். மனித உரிமைப் படங்களை மட்டுமே போடுகிற விழா அது. காணாமல் போனவர்கள், வீடு இடிபட்டவர்கள், எல்லை தாண்டி ஓடிவந்தவர்கள் என்று பகலெல்லாம் திரையில் ஓடும். சாயங்காலம் படம் விட்டதும், தியேட்டரின் முன்கூடத்தில் பாப்கார்ன் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, உலக இசைக் கச்சேரி நடக்கும். எந்தெந்த நாட்டுக்காரர்களோ வந்து பாடுவார்கள், கொட்டுவார்கள், ஊதுவார்கள். பாஷைதான் யாருக்கும் புரியாது. அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மைக் அக்கா எழுந்து நின்று, இது இன்ன பாட்டு, இன்ன அர்த்தம் என்று இரண்டு வார்த்தை சொல்லுவாள். பாட்டு ஆரம்பிப்பதற்குள்ளேயே கைக்குட்டைகள் வெளியே வந்துவிடும்.

மற்ற நாட்களில் அவளுக்கு ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் புகார் கேட்கும் மேசை. கத்திக்கொண்டு வருகிறவர்களைத் தட்டிக்கொடுத்து அனுப்புகிற வேலை. நாக்குக்கு அங்கே கிடைத்த பழக்கத்தில், எங்கே எந்தச் சொல்லைப் போட்டால் எதிராளி இளகுவான் என்று யோசிக்காமலே அதற்குத் தெரியும். அந்த நாக்குதான் அவளைக் கொண்டுபோய்க் கவிழ்த்தது.

அன்றைக்குப் பாட வந்தவர் ஒரு பெரியவர். போருக்குத் தப்பி மகனோடும் மருமகளோடும் இங்கே வந்து சேர்ந்தவர். வில் போட்டு வாசிக்கிற இரண்டு தந்தி வாத்தியம் ஒன்றை, குழந்தையைத் தூக்குவதுபோல மார்பில் அணைத்துக்கொண்டு வந்தார். மீசை மட்டும் தனியாக ஒரு ஆள் மாதிரி இருந்தது. கூட வந்த மருமகள் ஒரு தையற்கடையில் துணி அளவு திருத்துகிறவள். கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசியே நம் பாஷையைப் பிடித்துக்கொண்டவள். பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று மைக் அக்கா அவளைத்தான் கேட்டாள்.

“அது ஒரு மாப்பிள்ளையைப் பத்தி, அக்கா. மாமனார் வீட்டுக்கு ஒரு வேளை சாப்பிட வர்றான். கோழியெல்லாம் தின்னு தீர்த்துட்டுப் போகவே மாட்டேங்கறான். கடைசியா ஒரு சேவல்தான் மிச்சம். அது கூரைமேல ஏறி நின்னுக்குது. கல்யாண வீட்டுப் பாட்டு.”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மைக் அக்கா சிரிக்கவில்லை. அப்போதுதான் படம் விட்டிருந்தது. காணாமல் போன பிள்ளைகளின் படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் நிற்கிற படம். ஜனங்கள் கனத்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் உட்காரலாமா, வீட்டுக்குப் போகலாமா என்று பையைத் தோளில் மாட்டியபடி நின்றார்கள். இவர்களிடம் போய்க் கோழி தின்ற மாப்பிள்ளையைப் பற்றி எப்படிச் சொல்வது? மைக்கைக் கையில் வாங்கினாள். நாக்கு தன் வேலையைச் செய்துவிட்டது. போன பிள்ளை திரும்பி வருவான் என்று வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு தாயின் பாட்டு இது என்றாள். இன்னும் அவனுக்காக ஒரு தட்டு எடுத்து வைக்கிறாள் என்றும் சேர்த்துக்கொண்டாள். நின்றவர்கள் எல்லாரும் பையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

பெரியவர் பாடினார். மெதுவாக ஆரம்பித்து, பெருமூச்சும் இழுப்புமாகப் போகிற பாட்டு. அந்த இழுப்பெல்லாம் மாப்பிள்ளையின் வயிறு நிறைந்த ஏப்பம் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? ஓரிடத்தில் வில்லை நிறுத்திவிட்டு, புருவத்தைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார். எதற்கோ காத்திருந்தார். கூடம் மூக்கை உறிஞ்சியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பெரியவர் புருவத்தை இறக்கினார். மிச்சத்தை அவசரமாகப் பாடி முடித்துவிட்டு, வாத்தியத்தை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அழுத அம்மாள் தெருக்கோடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறவள். பாட்டு முடிந்ததும் வந்து பெரியவரின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தன் பையன் சாலை விபத்தில் போய்விட்டதாகவும், அவன் தட்டைத் தானும் இன்னும் எடுத்து வைப்பதாகவும் மைக் அக்காவிடம் சொன்னாள். விழாக்காரர்கள் மைக் அக்காவின் முதுகில் தட்டினார்கள். மருமகள் மட்டும் சுவரோரம் நின்று அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையில் மைக் அக்காவுக்குக் காது மடல் சுட்டது.

மறுநாள் மதியம் மருமகள் இன்சூரன்ஸ் ஆபீசுக்கே வந்துவிட்டாள். புகார் சொல்ல வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மாமா வாத்தியத்தைத் துணியில சுத்திப் பரண்ல போட்டுட்டாரு. விழா கடைசி நாள் பாட வரமாட்டாராம். ‘கேக்கறவங்க அழற அளவுக்கு என் குரல் கெட்டுப் போச்சா’ன்னு கேக்கறாரு. நான் என்னத்தைச் சொல்ல?”

மைக் அக்கா வாயைத் திறந்தாள். மருமகள் விடவில்லை.

“ஊர்ல கல்யாண வீட்டு வாசல்ல மாமா செருப்பைக் கழட்டும்போதே சிரிக்க ஆரம்பிச்சுடுவாங்க அக்கா. இங்க வந்ததுலேருந்து எங்களைப் பார்த்தா எல்லாரும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி முகத்தை வச்சுக்கறாங்க. நல்லவங்கதான், நான் குத்தம் சொல்லல. ஒரு தடவையாவது இவங்களைச் சிரிக்க வச்சுப் பார்த்துடணும்னுதான் அந்தப் பாட்டை எடுத்தாரு.”

எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மேசையைக் குத்தியிருக்கிறார்கள். அவர்களையெல்லாம் தட்டிக்கொடுத்து அனுப்பிய மைக் அக்கா இவளை அனுப்பவில்லை. ஆபீஸ் விடும்வரை உட்கார வைத்து, அவள் பின்னாலேயே போனாள்.

தையற்கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்தது. பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். மைக் அக்கா தான் செய்ததைச் சொன்னாள். அலங்காரம் இல்லாமல், தட்டுத் தடுமாறிச் சொன்னாள். மருமகள் அதைத் தன் பாஷையில் மாற்றிச் சொல்லச் சொல்ல, பெரியவரின் கத்தி நின்றது. ஏதோ கேட்டார்.

“அப்போ என் குரல் நல்லாத்தான் இருந்துச்சான்னு கேக்கறாரு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்தக் கேள்விக்கு மைக் அக்காவால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. கடைசி நாளன்று உண்மையான அர்த்தத்தைத் தானே சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தாள். பெரியவர் பரணைக் காட்டி மருமகளிடம் வாத்தியத்தை இறக்கச் சொன்னார். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். அவர் வில்லை நிறுத்துகிற இடத்தில் கூட்டம் சேவலாகக் கூவ வேண்டும். யாராவது ஒருத்தர் ஆரம்பித்தால்தான் மற்றவர்களுக்குக் கூச்சம் போகும்.

“ஊர்ல எங்க அத்தைதான் ஆரம்பிப்பாங்க,” என்றாள் மருமகள். அத்தை எங்கே என்று மைக் அக்கா கேட்கவில்லை.

தானே ஆரம்பிப்பதாகச் சொல்லி, அங்கேயே ஒரு தடவை கூவிப் பார்த்தாள். பெரியவர் முகத்தைச் சுளித்து என்னவோ முணுமுணுத்தார். சேவலுக்குச் சளி பிடித்திருக்கிறதாம். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றே மைக் அக்கா நினைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

கடைசி நாள் சாயங்காலம். மைக்கை எடுக்கப் போனவளை யாரோ கையைப் பிடித்து நிறுத்தினார்கள். மருந்துக்கடை அம்மாள். பக்கத்தில் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு ஒரு மனிதர், எங்கேயோ பார்த்தபடி.

“அந்தப் பையன் பாட்டு இன்னிக்கும் உண்டுல்லம்மா? அதுக்குத்தான் இவரை இழுத்துட்டு வந்தேன். பையன் போனதுலேருந்து மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இன்னிக்கு அழுதுட்டார்னா எனக்குப் போதும்.”

மைக் அக்கா உண்டு என்று சொல்லிவிட்டாள். இல்லை என்று எந்த வாயால் சொல்வது? மேடைக்கு முன்னால் போய் நின்றாள். தயாராக வைத்திருந்த மாப்பிள்ளையும் கோழிகளும் தொண்டையில் ஒட்டிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் பெரியவர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு அவளையே பார்க்கிறார். அந்தப் பக்கம் அந்த அம்மாள் கைக்குட்டையைத் தயாராக மடியில் விரித்து வைத்திருக்கிறாள். “கேளுங்கள்,” என்று மட்டும் சொல்லிவிட்டு மைக் அக்கா ஓரமாக ஒதுங்கினாள். அர்த்தம் சொல்லிவிட்டாள் என்றே பெரியவர் நினைத்தார். அவருக்குத்தான் பாஷை தெரியாதே. உற்சாகமாக ஆரம்பித்தார்.

முன்பு அழுதவர்கள் இன்றைக்கும் அழுதார்கள். அவர்களைப் பார்த்துப் புதிதாக வந்தவர்களும் அழுதார்கள். பெரியவரின் குரல் மெல்ல மெல்லச் சுருங்குவது மைக் அக்காவுக்குக் கேட்டது. அந்த இடம் வந்தது. வில் நின்றது. புருவம் தூக்கிக் கூட்டத்தைப் பார்க்கவில்லை அவர். நேராக அவளைப் பார்த்தார்.

கொக்கரக்கோ என்று கூவினாள் மைக் அக்கா.

கூடமே திரும்பியது. சாவு வீட்டில் விசில் அடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். யாரோ “ச்சீ” என்றார்கள். விழாத் தலைவர் பாதி எழுந்துவிட்டார். அவள் இன்னொரு தடவை கூவினாள். பிறகு மைக்கை எடுத்து, இது தாயின் பாட்டு இல்லை, கோழி தின்ற மாப்பிள்ளையின் பாட்டு, அன்றைக்கு நான் சொன்னது பொய், இவர் உங்களைச் சிரிக்க வைக்க வந்தவர் என்றாள். சொல்லி முடித்ததும் அங்கே ஓடி ஒளிய ஒரு தூண்கூட இல்லை.

பெரியவர் காத்திருக்கவில்லை. ஏப்பத்தோடு முதலிலிருந்து எடுத்தார். அர்த்தம் தெரிந்ததும் அந்த இழுப்பே வேறாகக் கேட்டது. பின்வரிசையில் ஒருத்தர் களுக்கென்றார். அப்புறம் நாலைந்து பேர். மூன்றாவது கோழி தீர்வதற்குள் பாதிக் கூடம் சிரித்துவிட்டது. சேவலின் இடத்தில் எங்கெங்கிருந்தோ கூவினார்கள். பெரியவரின் மீசை இரண்டு பக்கமும் ஏறி நின்றது. பாட்டு முடிந்ததும் மருமகளைக் கூப்பிட்டு மைக் அக்காவுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை இன்னும் சத்தமாகக் கூவ வேண்டுமாம், சேவல் வெட்கப்படாதாம்.

மைக் அக்கா முன்வரிசையைப் பார்த்தாள். இரண்டு நாற்காலிகள் காலி. வாசலுக்கு ஓடினாள். அந்த மனிதர் மனைவியின் பையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்றார். அம்மாள் படியில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கண் காய்ந்திருந்தது.

“அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்மா.”

திட்டுவாள் என்று நின்றாள் மைக் அக்கா. அந்த அம்மாள் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“அந்த ராகத்தை நான் கடையில முணுமுணுத்துக்கிட்டே இருந்தேன்,” என்றாள். “வீட்லயும்தான். அவன் தட்டைக் கழுவும்போது.”

அவ்வளவுதான். கணவரிடமிருந்து பையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் நடந்தார்கள். மைக் அக்காவின் நாக்கு, எத்தனையோ பேரைத் தட்டிக்கொடுத்து அனுப்பிய நாக்கு, பல்லுக்குப் பின்னால் அசையாமல் கிடந்தது. உள்ளே இன்னும் யாரோ விளையாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

பாப்கார்ன் மேசையைப் பழைய இடத்துக்கு இழுக்க ஆள் வேண்டும் என்று குரல் வந்தது. அவள் போய் ஒரு பக்கம் பிடித்தாள்.