கற்றுக்கொடுத்தவள்

இந்த அம்மாளைப் பார்த்ததும் என் கை ஏன் தானாகப் புடவையில் துடைத்துக்கொள்கிறது? நாற்பது வயதாகிறது எனக்கு. இது என் கடை. உட்காருங்கள் என்று சொல்ல வேண்டியவள் நான். சொல்லு, வாயைத் திற.

பிரிஜெட் வாயைத் திறப்பதற்குள் யூனிஸ் பேசிவிட்டாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் விதவை அவள். கடையின் இரண்டாவது தையல் மெஷின் அவளுடையது.

"வண்டியை விட்டு எறங்கறது யாரு, உன் ஞானத்தாயா? காத்து எந்தப் பக்கம் அடிக்குது இன்னைக்கு!"

"மெதுவா பேசு. காதுல விழும்."

"விழட்டுமே. நல்ல வேளை, எங்க சபையில இந்த ஞானத்தாய் வழக்கமே இல்லை. ஆண்டவர்கிட்ட நேரா பேசிக்கறோம். நடுவுல தரகு கிடையாது."

நோரா அம்மாள் ஜட்கா வண்டிக்காரனின் தோளைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைப் புடவை, கழுத்து வரை லேஸ் வைத்த ரவிக்கை. மாதா கோயில் வாசலில் ஞாயிறுதோறும் பார்த்துத் தலையசைப்பதோடு சரி. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிரிஜெட் கடை வைத்து இத்தனை வருஷத்தில் அவர் இந்தப் படி ஏறியதில்லை.

ஞானஸ்நானத்தன்று பிரிஜெட்டைக் கையில் ஏந்தி நின்றவர் அவர்தான். கன்டோன்மென்ட் ஜனங்கள் பிள்ளைக்கு ஞானத்தாய் தேடும்போது எத்தனை ஜெபமாலை சொல்லுகிறாள் என்று பார்ப்பதில்லை. எங்கே வேலை செய்கிறாள் என்று பார்ப்பார்கள். நோரா அம்மாள் அப்போது சவுத் பரேட் தெருவில் துரைசானிகளுக்குக் கவுன் வெட்டும் பெரிய கடை ஒன்றில் இருந்தார். பட்டாளத்துக் குதிரை லாயத்தில் வேலை செய்த அப்பா, கோயில் வாசலில் காத்து நின்று அவரைக் கேட்டுச் சம்மதிக்க வைத்தார். "நம்மளைக் கை பிடிச்சுத் தூக்க ஒரு ஆள் வேணும்மா," என்று பிற்பாடு பிரிஜெட்டிடம் சொல்லுவார். "இல்லைன்னா எத்தனை தலைமுறை ஆனாலும் லாயம்தான்."

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பிரிஜெட் தட்டில் அச்சுமுறுக்கு எடுத்துக்கொண்டு நோரா அம்மாள் வீட்டின் பின்வாசலுக்குப் போவாள். அம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு, "நல்லா படிக்கிறியா?" என்று கேட்பார். தட்டு திரும்பும்போது அதில் ஒரு ரிப்பன் இருக்கும். ஒரு வருஷம், கொடியில் தொங்கிய கவுனின் கீழ்மடிப்பைச் சிறுமி புரட்டிப் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார். அடி விழும் என்று பிரிஜெட் நினைத்தாள். "கைக்கு ஆசை இருக்கு. பெரியவளானதும் வா, கத்துத் தரேன்," என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவள் வளர்ந்தாள். அப்பா இறந்த பிறகு போய் நின்றபோது, "இப்போ சீசன், கை ஒழியல. அப்புறம் பார்க்கலாம்," என்றார் அம்மாள். மறுபடி போனபோது தூங்குவதாகச் சொன்னார்கள். அதற்கு அடுத்த முறை ஊரில் இல்லை. முடியாது என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் பிரிஜெட் வேறு யாரையாவது தேடியிருப்பாள். யாரும் சொல்லவில்லை. ஆகையால் காத்திருந்தாள். காத்துக்கொண்டே கற்றுக்கொண்டாள்.

ரெஜிமெண்ட் ஊர் மாறும்போது துரைசானிகளின் பழைய சாமான்கள் ஏலத்துக்கு வரும். கிழிந்த கவுன்களை யாரும் கேட்கமாட்டார்கள். அவற்றை வாங்கி வந்து தையலைப் பிரித்து, துண்டு துண்டாகச் செய்தித்தாள் மேல் பரப்பி, எந்தத் துண்டு எங்கே வளைகிறது என்று பார்ப்பாள். அப்போதெல்லாம் அவள் தனியாக இருந்ததில்லை. நோரா அம்மாள் பக்கத்தில் நிற்பார். 'தோள் தூக்குது பார். பிரி. மறுபடி போடு.' அவள் கற்பனையில் நிற்கும் அந்த அம்மாளுக்கு மூக்குக்கண்ணாடி உண்டு, உண்மையான அம்மாளுக்குக் கிடையாது. அந்த அம்மாள் பாராட்டமாட்டார். கவுனின் கை சரியாக உட்கார்ந்தால் பேசாமல் இருந்துவிடுவார். அந்த மௌனத்துக்காக பிரிஜெட் எத்தனையோ கைகளைப் பிரித்துத் தைத்திருக்கிறாள். இப்போது பெங்களூரில் பாதிக் கல்யாணக் கவுன்கள் அவள் மேஜையிலிருந்துதான் போகின்றன. அந்தக் குரல் இன்னும் நிற்கவில்லை. இதை யூனிஸிடம்கூட அவள் சொன்னதில்லை.

"உக்காருங்கம்மா," என்றாள் கடைசியில். அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"நல்ல பெரிய இடமா இருக்கே," என்று சுற்றிலும் பார்த்தார் நோரா அம்மாள். "ஒரு காரியமா வந்தேன் பிரிஜெட். கோயில் பக்கத்துல நம்ம பொண்ணுங்களுக்குத் தையல் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கறாங்க, தெரியும் இல்லையா? அதுக்கு என் பேரை வைக்கலாம்னு ஃபாதர் சொல்றார். மாதா சபைப் பொம்பளைங்க சில பேருக்குத்தான் பொறுக்கலை."

"ஏம்மா?"

"நோரா அவ வேலை பாத்த கடைக்குத் தெச்சா, யாருக்குக் கத்துக் குடுத்தான்னு கேக்கறாங்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்ளோ பெரிய ஆளா நீ இருக்கே கண்ணு முன்னாடி! ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கூட்டம். நீ எழுந்து நின்னு, எனக்குக் கத்துக் குடுத்தது இவங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. போதும்."

யூனிஸின் மெஷின் நின்றுவிட்டது.

"நீங்க எனக்கு..." என்று ஆரம்பித்தாள் பிரிஜெட்.

"மறந்துட்டியா? என் வீட்டுப் பின்கட்டு ஜன்னல்கிட்ட உக்கார வெச்சு, உன் கையைப் பிடிச்சுக் கத்தரி போடச் சொல்லித் தருவேனே! பாவம், வெறும் வயித்தோட வருவே. முதல்ல ரொட்டியும் டீயும் குடுப்பேன். தலையே நிமிர மாட்டே. எது சொன்னாலும் 'சரிம்மா, சரிம்மா'தான். அப்படி ஒரு அடக்கம்!"

பிரிஜெட் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் பொய் இல்லை. கணவர் டென்சில் இறந்துபோய்விட்டார். இரண்டு பெண்களும் பம்பாய்ப் பக்கம் போனதோடு சரி. அந்த வீட்டில் இந்த அம்மாளும் தனியாக உட்கார்ந்து ஒரு சிறுமியை மனசில் வரவழைத்துக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் இவரை உண்டாக்கிக்கொண்ட மாதிரியே இவரும் என்னை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள் பிரிஜெட்.

சொல்லிவிட்டால் என்ன? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, ஒருவர் கற்றுக்கொடுத்து வளர்ந்தவள் ஆகிவிடலாம். நோரா அம்மாள் ஆளாக்கின பெண் என்று ஜனங்கள் சொல்லுவார்கள். அந்தச் சொல்லின் மேல் இன்னும் இவ்வளவு ஆசை இருக்கிறதா எனக்கு? இருந்தது. பசி மாதிரி இருந்தது. முழுப் பொய் என்றும் அதைச் சொல்ல முடியாதே. இவர் குரல் இல்லாமல் நான் ஒரு தோளாவது சரியாக வெட்டியிருப்பேனா?

ஆனால் ஜன்னலோரம் ரொட்டி தின்றுகொண்டு தலைகுனிந்திருக்கும் அந்தப் பெண் யார்? அவளை பிரிஜெட்டுக்குத் தெரியவில்லை. இவர் நினைவில் ஒரு பசி இருக்கிறது, ஒரு அடக்கம் இருக்கிறது. வெட்டத் தெரிந்த ஒரு கை எங்கும் இல்லை. மேஜைப் பக்கம் நின்ற அந்த இன்னொரு அம்மாள் ஒருநாளும் பாவம் என்று சொன்னதில்லை. இவளால் முடியும் என்று நம்பியதால்தான் பிரி, பிரி என்று படுத்தினார். இப்போது தலையாட்டினால் அவர் போய்விடுவார். அந்த இடத்தில் இவர் வந்து உட்கார்ந்துகொள்வார், டீயும் ரொட்டியுமாக.

"என்னம்மா யோசனை? காசா பணமா கேக்கறேன்?" என்றார் நோரா அம்மாள். "உன்னை விட்டா எனக்குச் சொல்ல வேற யாரு இருக்கா?"

பிரிஜெட் மேஜையைச் சுற்றி வந்து, அவர் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவ்வளவு பக்கத்தில் அவரோடு உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"பள்ளிக்கூடத்துக்கு உங்க பேரையே வைக்கட்டும்மா. உங்க மாதிரி வேலை தெரிஞ்சவங்க இந்த ஊர்ல இல்லைன்னு ஃபாதர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்."

"அது போதாதும்மா. கத்துக் குடுத்தேன்னு சொல்லணும்."

பிரிஜெட் அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அதை மட்டும் கேக்காதீங்கம்மா," என்றாள். "நான் சொல்ல மாட்டேன்."