குழாய்க்குள் போன கெண்டை

1.

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. கும்பகோணத்தில் ஒரு டயாலிசிஸ் சென்டர். என் மனைவி ஜெயபாரதிக்கு அங்கே சிகிச்சை ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். அவள் தூங்கிவிடுவாள். நான் அகப்பட்டவர்களின் வாயைக் கிளறிக்கொண்டிருப்பேன். அப்படி அகப்பட்டவர்தான் நர்ஸ் லின்சி. சுவரோரம் இருந்த மீன் தொட்டியைக் காட்டி, “இதுல ஒரு கூத்து நடந்துச்சு சார்” என்றார். அப்படி ஆரம்பிப்பவரை எந்த எழுத்தாளன் சும்மா விடுவான்?

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“நீருக்குள் எரியும் ஒரு நெருப்புத் துளியைப் போல அந்த மீன் —”

வேண்டாம். அது கட்டைவிரல் பருமனில் ஒரு கோல்டு ஃபிஷ். எரியவெல்லாம் இல்லை.

அடுத்து: “ஜெக்கரியா சாவதென்று முடிவெடுத்த மறுநாள் —”

இதுவும் வேண்டாம். நடந்தது ஏறக்குறைய அதுதான். ஆனால் ஜெக்கரியா வலங்கைமான் பக்கம் முப்பது வருடம் பம்புசெட் பழுது பார்த்தவர். பெரிய வார்த்தைகள் அவர் வாயில் வராது. திங்கட்கிழமை சாயங்காலம் மனைவி ரஹ்மத் பீவியிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “நாளைக்கு டயாலிசிஸுக்கு ஒரு தடவ போறேன். அந்த மீனப் பாத்துட்டு வந்துடுறேன். அதோட போதும், ரஹ்மத்து.”

டயாலிசிஸை நிறுத்தினால் அவருக்குப் பத்து நாளோ பதினைந்து நாளோ. ரஹ்மத் பீவி மறுநாள் காலையில் லின்சிக்கு போன் போட்டு அழுதிருக்கிறார்.

3.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்து இரண்டு நாள் எழுதாமல் கிடந்தேன். ஒரு மீனைப் பார்ப்பதற்காக ஒரு மனிதன் வாரம் மூன்று நாள் ஊசி குத்திக்கொள்ள வருவானா? பாத்திரம் பொய்யாக இருக்கிறதே?

(லின்சியிடமே கேட்டேன். “சார், அவரு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிதான் குடிக்கலாம்” என்றார். இரண்டு வருடமாக நாக்கு வறண்ட ஒரு மனிதர் அத்தனை தண்ணீருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் ஒன்று கவலையில்லாமல் வாயைத் திறந்து மூடுகிறது. முதலில் பொறாமையாகத்தான் இருந்ததாம். பிறகு அது தீனி எடுக்காத நாளில் இவருக்கும் சோறு இறங்கவில்லையாம். சரி, நம்புகிறேன். நீங்களும் நம்புங்கள்.)

4.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. ஜெக்கரியா நாற்காலியில் சாய்ந்தார். லின்சி ஊசி ஏற்றினார், மெஷின் ஓட ஆரம்பித்தது. அவர் தொட்டியைப் பார்த்தார். மற்ற மீன்கள் இருந்தன. அவருடையது இல்லை.

“லின்சிம்மா, அது எங்க?”

லின்சி தொட்டியைச் சுற்றி வந்தார். மேல் மூலையில், மிகுதித் தண்ணீர் வழிந்து போகும் குழாயின் வாயில் சல்லடை மூடி இல்லை. சனிக்கிழமை கழுவியவர்கள் திரும்பப் போட மறந்துவிட்டார்கள். அந்தக் குழாய் கீழே அலமாரிக்குள் இருக்கும் வடிகட்டிப் பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு சின்ன மோட்டார் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும். லின்சி அலமாரியைத் திறந்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப். அதன் வளைவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வால்.

ஜெக்கரியாவும் அதைப் பார்த்துவிட்டார். விடைபெற வந்தவருக்கு இப்படி ஒரு காட்சி.

சென்டரின் பிளம்பர் வளவன் வந்தார். “பயப்படாதீங்க பாய். மோட்டார ஃபுல்லா வச்சா தண்ணி அடிச்சுக் கீழ தள்ளிடும்” என்றார். வைத்தார். மீன் தண்ணீரை எதிர்த்துத் தலையைத் திருப்பி வளைவில் இன்னும் இறுகிக்கொண்டது.

“நிறுத்துய்யா!” ஜெக்கரியா ஊசி ஏறிய கையைத் தூக்கிவிட்டார். மெஷின் கத்தியது. லின்சி ஓடி வந்தார். “கைய அசைக்காதீங்க பாய்!”

வளவன் ஆக்சா பிளேடை எடுத்தார். “அறுத்துடுறேன்.”

“தண்ணி தரையில கொட்டுனா? ஆறு மெஷின் ஓடுதுண்ணே!” என்றார் லின்சி.

(இந்த இடத்தில் ஒரு ஒப்பீடு என்னை எழுது எழுது என்கிறது. அவர் கையில் ஒரு டியூப், அங்கே ஒரு டியூப். எழுத மாட்டேன். நீங்களும் தயவுசெய்து நினைக்காதீர்கள்.)

“வளவா, அதுவும் கெண்டை சாதிதான்” என்றார் ஜெக்கரியா. “வாய்க்கால்ல புதுத் தண்ணி வந்தா கெண்ட எந்தப் பக்கம் போவும்?”

“எதுத்து ஏறும் பாய்.”

“தெரியுதுல்ல? அப்பறம் ஏன்யா தள்ளுற? கூப்புடு.”

அவர் சொன்ன வழி இது: மோட்டாரை நிறுத்த வேண்டும். டியூபின் அடி முனையை இறுக்கிப் பிடித்து, தண்ணீர் நூலாகக் கசிய விட வேண்டும். மேல் வாயில் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். லின்சி மெஷினுக்கான சுத்திகரித்த தண்ணீரை எடுக்கப் போனார்.

“அதுல ஒண்ணுமே இல்லம்மா. மீனுக்கு அடையாளம் தெரியாது. ஆத்துல தண்ணி வந்து நாலு நாளாச்சு. அரசலாத்துல ஒரு கேன் மோந்துட்டு வரச் சொல்லு.”

“ஆத்துத் தண்ணியா? இந்த ரூமுக்குள்ளயா? டாக்டர் என்னைய வீட்டுக்கு அனுப்பிடுவாரு பாய்!”

சொல்லிவிட்டு லின்சி அவர் முகத்தைப் பார்த்தார். காலையில் வந்த போன் ஞாபகம் வந்தது. “மூடி போட்ட கேன்ல கொண்டாங்கண்ணே” என்றார் வளவனிடம். “ஒரு சொட்டு கீழ விழக் கூடாது.”

(நோய்த்தொற்று பற்றி எனக்குக் கடிதம் எழுத நினைக்கும் மருத்துவர்கள் தாராளமாக எழுதலாம். நியாயம் உங்கள் பக்கம்தான்.)

5.

வளவன் மண்டியிட்டு டியூபின் அடியை இரண்டு விரலால் நெரித்துக்கொண்டார். லின்சி கையுறையோடு ஸ்டூலில் ஏறி நின்று, கலங்கல் தண்ணீரை டம்ளரால் குழாய் வாயில் ஊற்றினார்.

“மெதுவா, லின்சிம்மா. இன்னும் மெதுவா.”

ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. (இங்கே பரபரப்பைக் கூட்ட ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அந்த அறையில் யாரும் பரபரக்கவில்லை. மற்ற நோயாளிகளும் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.)

பிறகு வால் அசைந்தது. மீன் ஒரு சாண் ஏறி நின்றது. இன்னொரு சாண். செவுள் அடித்துக்கொள்வது தெரிந்தது. ஜெக்கரியா அதோடு சேர்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டார். அது குழாயின் வாயைத் தாண்டித் தொட்டிக்குள் விழுந்து, கலங்கல் பரவிய மூலையிலேயே நின்றுகொண்டது. இரண்டு செதில் போயிருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் ஜெக்கரியா. “தோத்திரம்” என்றார் லின்சி. வளவன் விரலை உதறிக்கொண்டார்.

6.

மூன்று முடிவுகள் எழுத நினைத்தேன்.

மீன் செத்து வருவது ஒன்று. பேனா தங்குதடையில்லாமல் ஓடியது. சோகம் எனக்குக் கைவந்த கலை. கிழித்துவிட்டேன்.

மீன் பிழைக்க, ஜெக்கரியா கண்கலங்கி “வியாழக்கிழமை வர்றேன்” என்று சொல்வது இன்னொன்று. ரஹ்மத் பீவிக்காக எழுதினேன். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை.

நடந்தது இது. பதினொரு மணிக்கு லின்சி ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே கேட்டார்: “வியாழக்கிழமை வருவீங்கல்ல பாய்?”

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்கு ரெண்டு நாளு தீனி போடாதீங்க. பயந்துபோயிருக்கு, செரிக்காது” என்றார். எழுந்து வெளியே போனார். அங்கே காத்திருந்த ரஹ்மத் பீவி அவர் செருப்பை எடுத்துக் காலருகே போட்டார்.

மூன்றாவது முடிவு —

7.

மூன்றாவது முடிவை எழுத, வியாழக்கிழமை என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். லின்சியே கேட்டார். “அப்பறம் என்னாச்சுன்னு கேக்கலையே சார்?”

“வேண்டாம் லின்சி, சொல்லாதீங்க” என்றேன். எங்கள் முறை வேறு நாட்களில், நானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

எழுத்தாளனின் உத்தி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பயம். போன ஞாயிற்றுக்கிழமை ஜெயபாரதி சாதத்தைப் பிசைந்துகொண்டே, “இன்னும் எத்தனை நாளைக்குங்க இது?” என்றாள். நான் ரசம் ஊற்றினேன். அன்றைக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவளுக்கு வாசித்துக் காட்டத்தான் எழுதினேன்.

நாளை அவளுக்கு முறை. ஊசி ஏறியதும் வாசிப்பேன். மீன் ஏறும் இடம்வரை கவலையில்லை, அதை ரசிப்பாள். அதற்குப் பிறகு கண்ணைத் திறந்து, “அந்த பாய் வந்தாரா?” என்று கேட்பாள். முப்பத்தோரு வருடமாக நான் சொல்லும் பொய்யை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிறவள்.

நீங்கள் சொல்லுங்கள், நான் என்ன சொல்லட்டும்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். ஏழு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு அங்கே இருக்க வேண்டும்.