துணிக்கொடியில் கரண்ட்

பரமானந்தத்துக்கு மணியனைக் கண்டால் ஆகாது. காரணத்தை வெளியே சொன்னால் மானம் போகும் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு வயர்மேன் மணியன் வந்து நட்சத்திரத்துக்கு லைன் இழுத்துக் கொடுத்தான். வேலை முடிந்து காப்பி குடிக்கும்போது என்னவோ சொன்னான். சூசையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டிய புருஷன் பேச்சுக்கு அவள் அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை. போதாக்குறைக்கு அவன் அவளை மதினி என்று வேறு கூப்பிட்டான். இவரை அண்ணே என்கிறவன் அவளை வேறெப்படிக் கூப்பிடுவான்? நியாயம்தான். வயிறு எரிகிறவனிடம் போய் நியாயம் பேச முடியுமா?

அவர்களுடையது மலைமேல், மூஞ்சிக்கல் சரிவில் தகரக்கூரை போட்ட வீடு. டிசம்பர் பிறந்தால் அந்தத் தெருவில் வேதக்காரர் வீடுகளிலெல்லாம் காகித நட்சத்திரம் தொங்கும், உள்ளே பல்பு எரியும். இந்த வருஷமும் மணியனுக்குச் சொல்லிவிடச் சொன்னாள் சூசையம்மாள்.

"ஒத்தப் பல்பு மாட்டறதுக்கு லைசென்ஸ் வச்ச ஆளு எதுக்கு? நானே மாட்டிக்கிறேன்" என்றார் பரமானந்தம்.

மாட்டினார். தோட்டவேலை பார்க்கும் பங்களாவில் தூக்கிப்போட்ட பழைய வயரைக் கொண்டுவந்து, நீளம் போதாத இடத்தில் இன்னொரு துண்டை முறுக்கி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை அதன்மேல் சுற்றி, கூரைத் தகரத்தின் விளிம்போடு இழுத்துவிட்டார். நட்சத்திரம் ஜம்மென்று எரிந்தது. மணியன் கட்டியதைவிட ஒரு முழம் உயரம். அன்று அவருக்கு இரண்டு தட்டு சோறு இறங்கியது.

பிறகு சாரல் பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்து துணி எடுக்கப் போன சூசையம்மாள் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தாள். துணிக்கொடி இரும்புக் கம்பி; அதன் ஒரு முனை கூரையின் இரும்புச் சட்டத்தில் கட்டியிருந்தது.

"என்னங்க, கம்பியத் தொட்டா சுர்ருங்குது. கரண்டு பாயுது போல. மணியன வெரசா வரச் சொல்லுங்க."

மறுபடியும் மணியன்! பரமானந்தம் விறுவிறுவென்று போய்க் கம்பியைப் பிடித்தார். ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? மழைக்காலத்தில் படுக்கப் போகும்வரை அவர் காலைவிட்டுக் கழலாத ரப்பர் பூட்ஸ் அப்போதும் காலில் கிடந்தது. அவளோ வெறுங்கால். பூட்ஸைப் பற்றி நினைக்க அவர் மனதில் ஏது இடம்? அங்கே முழுக்க மணியன்தான் உட்கார்ந்திருந்தான்.

மறுநாளும் சொன்னாள். அதற்கு அடுத்த நாளும் சொன்னாள். அவரும் பூட்ஸ் காலோடு போய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"கரண்டு என்ன ஆளு பாத்தா அடிக்குது? ஒனக்கு மட்டுந்தான் அடிக்குமாக்கும்."

அந்தப் பேச்சின் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. முகம் சிவந்தது. அதன்பிறகு அவள் துணியைக் கம்பால் தள்ளித் தள்ளி எடுத்தாள். அதையும் நடிப்பு என்றே நினைத்தார் அந்தப் புண்ணியவான்.

சனிக்கிழமை சூசையம்மாள் கோயிலுக்கு ஜோடனை வேலைக்குப் போயிருந்தாள். பரமானந்தம் சேறு அப்பிய பூட்ஸைக் கழுவி அடுப்போரம் கவிழ்த்துவிட்டு, நட்சத்திரத்துக்கு சுவிட்சைப் போட்டார். திடீரென்று மழை இறங்கியது. ஞாயிறு பூசைக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டை கொடியில் கிடந்தது. வெறுங்காலோடு ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தார்.

கம்பி அவரைப் பிடித்துக்கொண்டது. கத்த வாய் வரவில்லை. கால் வழுக்கி உடம்பு சரிந்த பாரத்தில்தான் கை விடுபட்டது. சேற்றில் மல்லாந்து கிடந்தார். கொஞ்சம் நிதானம் வந்ததும் அவருக்குச் சூசையம்மாளின் கை ஞாபகம் வந்தது. இப்போது அவள் திரும்பி வருவாள், மழையைப் பார்த்து நேரே கொடிக்குத்தான் ஓடுவாள். எழுந்து உள்ளே போய், காய்ந்த விறகுக் கட்டையால் மெயின் சுவிட்சைத் தட்டி அணைத்தார். அப்படியே மணியன் வீட்டுக்கு ஓடினார்.

விஷயத்தைக் கேட்ட மணியன் பையை எடுத்துக்கொண்டே முதலில் கேட்டது, "மதினி தொடலையே அண்ணே?" என்றுதான். பரமானந்தத்துக்குச் சுருக்கென்று தைத்தது. தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை எவனோ கேட்கிறானே என்று, அந்த நிலைமையிலும் பொறாமைதான் வந்தது.

மணியன் ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினான். தகரத்தின் விளிம்பு வயரை அறுத்திருந்தது. பிளாஸ்திரி நனைந்து ஊறிக் கிடந்தது. "கூரை, சட்டம், கொடி எல்லாத்துலயும் கரண்டு வந்திருக்குண்ணே. இன்னும் நல்லா நனைஞ்சிருந்தா ஆளத் தூக்கியிருக்கும்" என்றான். வயரை மொத்தமாகக் கழற்றினான். விடிந்ததும் வந்து புது லைன் இழுப்பதாகவும், அதுவரை மெயினைத் தொடக்கூடாது என்றும் சொன்னான்.

அதற்குள் வந்துவிட்ட சூசையம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். மணியன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனான்.

"கம்பியத் தொட்டா சுர்ருங்குதுன்னு எத்தன வாட்டி சொன்னேன்" என்றாள் பிறகு. "ஒங்க காதுல அந்த ஆளு பேரு மட்டுந்தான் விழுந்துச்சு. நான் கம்பியப் பிடிச்சு விழுந்து கெடந்திருந்தாலும், யாரு ஓடியாந்து தூக்குனதுன்னுதான கேட்டிருப்பீங்க?"

பரமானந்தம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். மணியன் வீட்டு வாசலில் வந்த பொறாமை குறுக்கே வந்து நின்றது.