மூன்றாவது தடவை கேட்டால்

என் வீட்டுக்காரரிடம் எதையும் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டால், "அய்யய்யோ, வேண்டாங்க." இரண்டாம் தடவை, "எதுக்குங்க உங்களுக்குச் சிரமம், இருக்கட்டும்." மூன்றாம் தடவைதான், "இவ்வளவு சொல்றீங்க, சரி, கொஞ்சமா வைங்க." அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் வீட்டு விருந்தில், அவருடைய மூன்றாம் தடவைக்குப் பிறகு என் அம்மா இன்னொரு உலை வைத்தாள்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை, அவர் குடும்பமே அப்படித்தான். கேட்டவுடன் சரி என்றால், அலைகிறான் என்று நினைத்துவிடுவார்களாம். கொடுக்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கையைப் பிடித்து இழுத்து, என் மேல் ஆணை என்று சொல்லி, கோபித்துக்கொண்டாவது இலையில் போட்டுவிடுவார்கள். பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா, "பொண்ணைப் பிடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டார். இவர் நெளிந்துகொண்டே, "அதெல்லாம் எதுக்குங்க இப்போ" என்றார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. இவருடைய அம்மாதான் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு தடவை கேளுங்க சம்பந்தி" என்று காப்பாற்றினார். அப்பா கேட்டார். அப்படி வாழ்க்கைப்பட்டவள் நான்.

பிழைப்புக்காக நானும் அவரும் எங்கள் பெண் பாப்பாவும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தோம். இங்குள்ளவர்கள் தங்கமானவர்கள். ஒரே ஒரு குறைதான். ஒரு தடவைதான் கேட்பார்கள்.

வந்த புதிதில் எதிர் வீட்டு அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பஸ் ஓட்டுகிறவள், குரலும் பஸ் மாதிரியே இருக்கும். எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, ஒரு பெரிய தட்டை முதலில் இவர் பக்கம் நீட்டினாள். இவர் நெஞ்சில் கை வைத்து, "வேண்டாங்க" என்றார். "சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டை என் பக்கம் திருப்பினாள். நான் எடுத்துக்கொண்டேன், பாப்பாவும் எடுத்துக்கொண்டாள். தட்டு இப்போது திரும்பி வரும், அப்போது வரும் என்று இவர் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார். தட்டு அலமாரிக்குள் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் நேற்றைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, "நல்லவங்கதான், உபசரிக்கத் தெரியல" என்றார்.

இன்னொரு நாள் கொட்டுகிற மழையில் கூட வேலை செய்கிறவர் காரை நிறுத்தி, "வர்றீங்களா?" என்றாராம். இவர், "பரவாயில்லைங்க, நடந்துக்கறேன்." கார் போயேவிட்டது. தெப்பமாக நனைந்து வந்து நின்றார். தலையைத் துவட்டிவிட்டபடியே நான் சிரித்துத் தொலைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் தடவை நான் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் பேசினார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது.

அவருக்கு ரொட்டி ஆலையில் வேலை, அதுவும் ராத்திரி ஷிப்ட். சாயங்காலம் போனால் விடியும்போதுதான் வருவார். எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. காலையில் நானும் பாப்பாவும் படி இறங்கும்போது அவர் ஏறுவார். சாயங்காலம் நாங்கள் ஏறும்போது அவர் இறங்குவார். நடுப்படியில் நின்று அவர் கையில் சாவியைக் கொடுப்பேன், அவர் என் கையில் டிபன் பாக்ஸைக் கொடுப்பார், பாப்பாவின் கன்னத்தை ஒரு கிள்ளு. அவ்வளவுதான் குடும்பம். விடுமுறை நாளிலும் உடம்பு கேட்காமல் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார்.

பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் படம் வரையச் சொன்னார்களாம். வரைந்து கொண்டுவந்து காட்டினாள். என்னை வரைந்திருந்தாள், தன்னை வரைந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கட்டில், அதில் ஒரு போர்வை, போர்வைக்கு வெளியே இரண்டு பாதம்.

"இது யாருடி?"

"அப்பா."

மூஞ்சி எங்கே என்று கேட்டதற்கு, "அது போர்வைக்குள்ள இருக்கும்மா" என்றாள் சாதாரணமாக. அந்தப் படத்தை அவர் கண்ணில் படும்படி சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "காலு நல்லாத்தான் வரைஞ்சிருக்கா" என்றார்.

பகல் ஷிப்டில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் நடுப்படிப் பேச்சு முழுக்க அதுதான். கேட்டாங்களா, கேட்டாங்களா என்று தினமும் துளைப்பேன். ஒரு நாள் காலையில் முகமெல்லாம் பல்லாக ஏறி வந்தார்.

"சூப்பர்வைசர் அம்மா கேட்டுட்டாங்க! முதல்ல என்னைத்தான் கூப்பிட்டாங்க. பகல் ஷிப்டுக்கு வர்றீங்களான்னு."

"அப்பாடா! என்ன சொன்னீங்க?"

"வேண்டாங்க, எனக்கு முன்னாடி சேர்ந்தவங்க இருக்காங்களே, அவங்களுக்குக் குடுங்கன்னு சொன்னேன்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் இப்படி இடிஞ்சு போய் உக்கார்றே? நாளைக்கு மறுபடியும் கேப்பாங்க. கேட்டதும் பல்லை இளிச்சுக்கிட்டு சரின்னா நல்லாவா இருக்கும்?"

"உங்க அம்மா வந்து இன்னும் ரெண்டு தடவை கேளுங்கன்னு சொல்லப் போறாங்களா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஒரு 'சரி' சொல்லியிருந்தா முத்தா கொட்டிப் போயிருக்கும்?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். எதிர் வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்கும்.

மறுநாள் யாரும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. அந்த இடம் அடுப்பு ஆளுக்குப் போய்விட்டது என்ற செய்திதான் வந்தது. இவரோடு ராத்திரி ஷிப்டில் ரொட்டி அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர் அவர், அடுத்த மாசம்தான் பகலுக்கு மாறப் போகிறார். எங்களைப் போலவே வேறொரு நாட்டிலிருந்து வந்தவர். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்று தலையாட்டுவாராம். அதனால் வீட்டில் எங்களுக்கு அவர் ஆகட்டும்காரர்.

இனிமேல் இந்த வீட்டிலும் இந்த ஊர்ச் சட்டம்தான் என்று முடிவு கட்டினேன்.

"காபி?"

"வேண்டாம், இப்ப எதுக்கு..."

"சரி." அவர் முன்னாலேயே முழுவதையும் நான் குடித்தேன். "இன்னொரு தோசை?" என்றால், "போதும்மா" என்பார், கல்லை இறக்கிவிடுவேன். விடுமுறை நாளில் தூங்கி எழுந்து பசியோடு உட்கார்ந்து, கையைத் தட்டுக்கு மேல் குடை மாதிரி பிடித்து வேண்டாம் வேண்டாம் என்று பிகு பண்ணுகிற மனிதனுக்கு எதிரில் கரண்டியைத் திருப்பிக்கொண்டு போவது எனக்கு மட்டும் என்ன இனிப்பா? ஆனாலும் விடவில்லை. கடைசியில் ஒரு நாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "வேணும்!" என்று கத்தினார்.

"என்ன வேணும்? நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே."

"எதுவா இருந்தாலும் வேணும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதைப் போய் அந்த அம்மாகிட்ட சொல்லுங்க" என்றேன். அவர் முகம் தொங்கிவிட்டது. "நானாப் போயா? குடுத்து முடிச்சதை எப்படிம்மா கேக்கறது? கூச்சமா இருக்கு."

நான் சுவரில் இருந்த இரண்டு பாதத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கரண்டியை என் கையிலிருந்து வாங்கி அவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஆலையில் நடந்தது அவர் வந்து சொன்னது. அப்படியே சொல்கிறேன், கூட ஒரு சிட்டிகை உப்பு என்னுடையது.

சூப்பர்வைசர் அம்மா முன்னால் போய் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எனக்குப் பகல் ஷிப்ட் வேணும்" என்றாராம்.

"நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க?"

"சொன்னேங்க. ஆனா அது முதல் வேண்டாம்."

"அப்படின்னா?"

"எங்க வீட்டுல மூணாவது வேண்டாம்தாங்க நிஜ வேண்டாம்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தாளாம். "நல்லாயிருக்கு போங்க. ஆனா நான் குடுத்தாச்சே. அடுப்பு ஆள் மாத்திக்கச் சம்மதிச்சா எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்களே பேசிக்குங்க."

ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டதற்கே இவருக்கு நாக்கு உலர்ந்து போயிருந்தது. இப்போது இன்னொரு ஆளிடம் கேட்க வேண்டும். அடுப்புப் பக்கம் போய்த் தயங்கித் தயங்கி, "எனக்குச் சின்னப் பொண்ணு இருக்கா. அந்தப் பகல் இடத்தை நான் எடுத்துக்கட்டுமா?" என்றார்.

"ஆகட்டும்" என்றார் ஆகட்டும்காரர், உடனே.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. நாலு எட்டு துள்ளி நடந்தவர் நின்றுவிட்டாராம். இந்த மனிதர் எதற்குத்தான் ஆகட்டும் சொல்லமாட்டார்? குப்பையைக் கொட்டச் சொன்னாலும் ஆகட்டும், விடுமுறையில் வரச் சொன்னாலும் ஆகட்டும். அவர் வீட்டிலும் ஒரு பாப்பா போர்வையை வரைந்து வைத்திருந்தால்? அடுத்தவர் வயிற்றில் அடித்து வாங்கிய ஷிப்ட் நமக்கு எதற்கு? திரும்பி வந்து, "உண்மையாத்தான் சொல்றீங்களா?" என்றார்.

"ஆகட்டும், ஆகட்டும்."

அங்கேதான் என் வீட்டுக்காரருக்குள் இருந்த அவர் குடும்பம் விழித்துக்கொண்டது. பந்தியில் கையைப் பிடிப்பது போல அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, என் மேல ஆணை. எனக்காகச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு எது வேணும்?" என்று மூன்றாவது தடவை கேட்டார்.

ஆகட்டும்காரர் அடுப்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டதாம். "எனக்கு ராத்திரிதான் வேணும்" என்றார். அவருடைய அம்மா படுத்த படுக்கை. மனைவிக்குப் பகலில் வேலை. பகல் முழுக்க அம்மாவைப் பார்த்துக்கொள்வது அந்த மனிதர்தான். மேலே இருப்பவர்கள் ஒன்று சொன்னால் முதலில் தலையாட்டுவதுதான் அவர்கள் ஊர் மரியாதை. சூப்பர்வைசர் அம்மா கேட்டதும் வாய் தன்பாட்டுக்கு ஆகட்டும் என்றுவிட்டது. அன்றிலிருந்து அம்மாவை யார் பார்ப்பது என்று சோறு இறங்கவில்லை. "இந்த ஊருக்கு வந்த நாளா என்னை யாரும் ரெண்டாவது தடவை கேட்டதே இல்ல" என்றாராம்.

இரண்டு பேரும் சேர்ந்து போய் நின்றார்கள். சூப்பர்வைசர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒருத்தருக்குச் சரின்னு சொல்ல வரல, ஒருத்தருக்கு வேண்டாம்னு சொல்ல வரல. உங்களை வச்சுக்கிட்டு நான் ரொட்டி சுட்டு முடிச்ச மாதிரிதான். போங்க, மாத்திக்குங்க."

பகல் ஷிப்டின் முதல் சாயங்காலம் நானும் பாப்பாவும் படி ஏறினோம். நடுப்படியில் யாரும் இறங்கி வரவில்லை. வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சமையலறையில் இவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார். பாப்பா வாசலிலேயே நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, நீ தூங்கலையா?"

"தூங்கலடா."

அவள் செருப்பைக் கழற்றாமலே ஓடினாள். இவர் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "காபி போடட்டுமா?" என்றார்.

அன்று மலை மாதிரி விரிப்பு மடித்திருந்தேன். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. ஒரு வாய் காபிக்கு உயிரையே கொடுத்திருப்பேன். ஆனால் என் நாக்கு, "வேண்டாங்க, நீங்களே இப்பதானே வந்தீங்க" என்றது.

"சரி" என்றார்.

நான் பழக்கிய சரி! தனக்கு மட்டும் ஒரு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு, சாவகாசமாக ஊதி ஊதிக் குடித்தார். வாசனை மூக்கைத் துளைத்தது. எனக்குக் கோபம் ஒரு பக்கம், அதற்கு மேல் என்னவோ ஒரு ஏக்கம். சலவைக்கூடத்தில் தினமும் ஒருத்தி, "நல்லா இருக்கியா?" என்று கேட்பாள். "நல்லா இருக்கேன்" என்பேன். போய்விடுவாள். அது பொய் என்று கண்டுபிடிக்க இன்னொரு தடவை கேட்க வேண்டும், அதற்கு இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது. இருந்த ஒரு மனிதரையும் நானே கெடுத்துவைத்தேன்.

"ஒரு வாய்?" என்றார், என்னைப் பார்க்காமலே.

"இருக்கட்டும்."

அவர் எழுந்து போய் அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். தட்டு போட்டு மூடி வைத்திருந்தார், ஆவி பறந்தது. என் கையில் வைத்து, விரல்களை அழுத்தி மூடிவிட்டு, "ஊருக்குத்தான் ஒரு தடவை. உனக்கு மூணு. குடி" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சர்க்கரை அதிகம் என்று திட்டிக்கொண்டே குடித்தேன்.

பாப்பா அவர் மடியில் ஏறி, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "நாளைக்கும் முழிச்சிருப்பியாப்பா?" என்றாள்.

"இருப்பேன்" என்றார், அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்டாள்.